தாமிரபரணிக் கெண்டை: மூன்றாவது முயற்சியில் குஞ்சு

நேற்று ராத்திரி டார்ச் அடித்து எண்ணியதில் 23 குஞ்சுகள். ஒரு இடத்தில் நிற்காமல் ஓடுவதால் ஒன்றிரண்டு கூடக்குறைய இருக்கும். அறிவியல் பெயர் ‘டாகின்சியா தாம்பிரபர்னியை’, நம்ம தாமிரபரணிக் கெண்டை. 1954ல் மீனியல் அறிஞர் சைலஸ் இதை விவரித்தபோது, இதே மாதிரி இருக்கும் அருளியஸ் கெண்டையின் உள்ளினமாகத்தான் வைத்தார், இப்போது தனி இனம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் ஆற்றுக்குச் சொந்தமான மீன், அந்த ஆற்றோரத்து வீட்டில் முட்டை போட்டுப் பொரித்திருக்கிறது என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

ஆறு மீன்களை அருளியஸ் என்ற பெயரில்தான் வாங்கினேன். வளர வளர ஆண்களுக்கு முதுகுத் துடுப்பின் கதிர்கள் நூல் மாதிரி வால் பக்கம் நீண்டுகொண்டே போனபோதுதான் இது எந்த மீன் என்று புரிந்தது. அப்புறம் ஆண்களின் மூக்கில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு வந்தது. வெள்ளைப்புள்ளி நோய் என்று பயந்து ஒரு வாரம் உப்புப் போட்டேன், மறையவில்லை. பெண்களுக்கு ஒன்றுகூட இல்லை, ஆண்களுக்கும் மூக்கில் மட்டும்தான் என்று கவனித்த பிறகுதான் அது இனப்பெருக்கக் காலத்தில் வரும் சின்னக் கொம்புப் புடைப்பு என்று தெரிந்தது. இந்த மீனை வளர்ப்பவர்கள் அவசரப்பட்டு மருந்து ஊற்றிவிடாதீர்கள்.

முதல் முறை போட்ட முட்டைகளைத் தாய் தகப்பனே தின்றுவிட்டன. இரண்டாம் முறை பெற்ற மீன்களை உடனே பிரித்தும் முட்டை எல்லாம் பூஞ்சை பிடித்து வெள்ளையாகிப் போனது. எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 900, ஆற்றில் வளர வேண்டிய மீனுக்கு அது எப்படி ஒத்துவரும்? அதனால் இந்தத் தடவை ஐப்பசி மழை வரும்வரை காத்திருந்து, மாடி நன்றாகக் கழுவிப்போன பிறகு பிடித்த மழைநீர் மூன்று பங்கு, போர் தண்ணீர் ஒரு பங்கு என்று கலந்தேன், 250க்கு இறங்கியது. தொட்டியின் அடியில் கோலிக்குண்டுகளை நெருக்கமாகப் பரப்பிவிட்டேன், முட்டை இடுக்கில் விழுந்தால் மீன் வாய்க்கு எட்டாது. சாயங்காலம் ஒரு ஆணையும் இரண்டு பெண்களையும் விட்டேன், மறுநாள் விடியும்போதே துரத்தல் ஆரம்பித்துவிட்டது. மத்தியானம் மூன்றையும் எடுத்துவிட்டேன். ஒன்றரை நாளில் பொரிந்து, கண்ணாடியில் கண்ணாடி இழை போல ஒட்டிக்கொண்டு நின்றன.

நீந்த ஆரம்பித்ததும் தீனி முதல் சில நாள் பச்சைத் தண்ணீர் (பாசி வளர்ந்த தண்ணீர்), அப்புறம் ஆர்ட்டீமியா என்ற பொடி உப்புநீர் இறால் குஞ்சு. நடுவில் ஒரு நாள் தீனி அதிகமாகி நிறையக் குஞ்சுகள் செத்தது இன்னும் மனசை உறுத்துகிறது.

பெரிதானதும் ஆற்றில் விடலாமே என்று வீட்டில் கேட்டார்கள். ஆசைதான், ஆனால் விட மாட்டேன். கடையில் வந்த மீனில் அருளியஸ் மாதிரி வேறு டாகின்சியா இனம் கலந்திருந்தால் ஆற்றில் இருக்கும் அசல் மீனுக்கே அது கேடு, தொட்டியின் நோயும் கூடவே போகும். இவற்றுக்கு நான்கடித் தொட்டியைக் கழுவி வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் மாற்ற வேண்டும்.