கொழுந்துக் கணக்கும் மெய்நிகர் கணினியும்

கோத்தகிரிப் பக்கம் கணினிப் பராமரிப்பு வேலை பார்ப்பவர்களுக்குத் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகங்கள் நன்கு பழகிய இடங்கள். சிறு விவசாயிகளிடம் கொழுந்து வாங்கித் தூள் தயாரிக்கும் ஓர் ஆலையில், யாரிடமிருந்து எத்தனை கிலோ வந்தது, ஈரத்துக்காக எவ்வளவு கழிக்கப்பட்டது, முன்பணத்தில் எவ்வளவு பிடிக்கப்பட்டது என்பதையெல்லாம் கூட்டி மாத முடிவில் பட்டுவாடாப் பட்டியல் போடும் மென்பொருள்தான் அலுவலகத்தின் உயிர்நாடி. நான் பார்த்துவந்த ஆலையில் அது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் காலத்தில் ஃபாக்ஸ்ப்ரோ என்ற தரவுத்தள மொழியில் எழுதப்பட்டது. எழுதியவர் ஊரை விட்டுப் போய் வெகுகாலமாகிவிட்டது. மூல நிரல் எவரிடமும் இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஒன்றில் அது சலிக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. சலித்துப்போனது கணினிதான்: மலையின் ஈரமும் தேயிலைத் தூசும் சேர்ந்து அதன் மதர்போர்டை அரித்துக்கொண்டிருந்தன.

புதுக் கணினி ஒன்று வாங்கினால் தீர்ந்தது என்று முதலாளி எண்ணினார். ஆனால் இன்று கடையில் கிடைக்கும் கணினிகளில் இருப்பது 64 பிட் விண்டோஸ். செயலி 64 பிட் முறையில் இயங்கும்போது, டாஸ் நிரல்களை ஓட்டும் துணையமைப்புக்கு எக்ஸ்பி பயன்படுத்திய மெய்நிகர் 8086 முறை, அதாவது பழைய 8086 செயலிபோல நடந்துகொள்ளும் முறை, கிடைப்பதில்லை. ஆகவே அந்தத் துணையமைப்பையே மைக்ரோசாஃப்ட் 64 பிட் பதிப்புகளில் சேர்க்கவில்லை. டாஸ் நிரல்களை இயக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது விளையாட்டுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பல குடும்பங்களின் மாத வருமானத்தை அதன் பொறுப்பில் விட எனக்கு மனம் ஒப்பவில்லை. எனவே புதிய கணினியில் லினக்ஸை நிறுவி, அதன்மேல் கணினிக்குள் கணினியை உருவாக்கும் வர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள், அதற்குள் எக்ஸ்பி, எக்ஸ்பிக்குள் அந்தப் பழைய நிரல் என்று முடிவு செய்தோம். பழைய கணினியோடு வந்த ஓஇஎம் உரிமம் அந்தக் கணினிக்கே உரியது. நல்லவேளையாக, தனியே வாங்கிய எக்ஸ்பி பெட்டி ஒன்று அலமாரியில் இருந்தது.

ஒரு கணினிக்குள் இன்னொன்றை மென்பொருளாகவே இயக்கும் இந்த மெய்நிகர் கணினி ஏற்பாடு புதிதன்று. ஐபிஎம் 1972இலேயே தன் பெருங்கணினிகளுக்கு விஎம்/370 என்ற அமைப்பை வெளியிட்டுவிட்டது. நம் மேசைக் கணினிகளின் எக்ஸ்86 செயலிகள் இதற்கு இசைவாக வடிவமைக்கப்படவில்லை. 1999இல் விஎம்வேர் நிறுவனம் மென்பொருள் சாமர்த்தியத்தால் அந்தக் குறையைச் சமாளித்தது. 2005இல் இன்டெல் செயலியிலேயே அதற்கான வசதியைச் சேர்த்தது. வர்ச்சுவல்பாக்ஸின் 6.1 பதிப்பு முதல் இந்த வசதி கட்டாயம். கணினியின் தொடக்க அமைப்புகள் இருக்கும் பயாஸில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும் கணினிகள் ஏராளம் என்பதால் முதலில் அதைத்தான் பார்க்கவேண்டும். மற்றபடி நிறுவுவது ஒரு பிற்பகல் வேலை. எக்ஸ்பிக்கு 512 எம்பி நினைவகமே தாராளம். புதுவகை வன்தட்டு இணைப்புக்கான டிரைவர் அதனிடம் இல்லாததால், தட்டை ஐடிஇ என்ற பழைய வகையாகக் காட்டினால் முரண்டு பிடிக்காது.

உண்மையான வேலை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. உள்ளே இருக்கும் இயங்குதளம் தன்னளவில் நிம்மதியாக இருக்கும். அது வெளியுலகைத் தொடும் இடங்களான எடைமேடை, அச்சுப்பொறி, கடிகாரம், மின்சாரம் ஆகியவற்றில்தான் சிக்கல் அத்தனையும்.

“தம்பி, எனக்கு ஸ்கிரீன் எதுவும் மாறக்கூடாது. எஃப்2 அடிச்சா எடை வரணும், அவ்வளவுதான்” என்றார் கணக்கு எழுதும் ரைட்டர். எடைமேடை சீரியல் போர்ட் வழியே பேசுவது. புதுக் கணினியில் அந்தப் போர்ட் கிடையாது. யுஎஸ்பி மாற்றி ஒன்றை லினக்ஸில் செருகி, அதையே எக்ஸ்பியின் முதல் சீரியல் போர்ட்டான காம்1 என்று காட்டினோம். மாற்றியைக் கழற்றி மீண்டும் செருகினால் லினக்ஸ் அதற்கு வேறு எண் கொடுத்துவிடக்கூடும் என்பதால், எப்போது செருகினாலும் ஒரே பெயரில் தோன்றும்படி, லினக்ஸில் சாதனங்களுக்குப் பெயரிடும் யூடெவுக்கு விதி ஒன்றை எழுதினேன். டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியை நேராக எக்ஸ்பியின் கையில் கொடுத்து, அதற்குள்ளேயே பகிர்ந்து, டாஸ் நிரல் அச்சிட அனுப்பும் எல்பிடி1 போர்ட்டை அதன் பக்கம் திருப்பிவிட்டோம். விவசாயிக்குத் தரும் சீட்டில் பெயரைவிடப் பாஸ்புக் எண்தான் முக்கியம். ஒரே ஹட்டியில், அதாவது படகர் சிற்றூரில், போஜன் என்ற பெயரில் பலர் இருக்கும் ஊர் இது.

கடிகாரம் நுட்பமான விஷயம். மாலையில் மெய்நிகர் கணினியை அப்படியே உறைய வைத்து, காலையில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பதைப் பெரிய வசதியாகச் சொல்வார்கள். இந்த நிரலோ தொடங்கும்போது ஒரே ஒருமுறை தேதியைப் படித்து மனத்தில் வைத்துக்கொள்கிறது. உறைநிலையிலிருந்து எழுப்பினால் எக்ஸ்பியின் கடிகாரம் சரியாகிவிடும். நிரலுக்கு மட்டும் இன்னும் நேற்றுதான். சோதனையில் இதைக் கண்டதும், இரவில் முறையாக அணைப்பதையே வழக்கமாக்கினோம். விசை எப்போது அழுத்தப்படும் என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருப்பது டாஸ் நிரல்களின் இயல்பு. அதனால் செயலியின் ஒரு கரு (கோர்) முழுவதும் வெட்டியாகச் சுழன்று விசிறி இரைந்தது. மெய்நிகர் கணினிக்கான செயலிப் பங்குக்கு உச்சவரம்பு வைத்தபின் அடங்கியது.

மெய்நிகர் கணினியின் ஒரு நேரத்து நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் வசதியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏதேனும் கெட்டால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம் என்று எல்லோரும் அதைப் புகழ்கிறார்கள். கணக்கு அலுவலகத்தில் நேற்றைய நிலைக்குத் திரும்புவது என்றால் இன்றைய கொழுந்து எடை அத்தனையும் அழிவது என்று பொருள். ஆகவே இயங்குதளத்துக்கு ஒரு தட்டும் கணக்குக் கோப்புகளுக்கு வேறொரு தட்டும் வைத்து, இரண்டாவதை ஸ்னாப்ஷாட் தொடாத ரைட்-த்ரூ வகையாக அமைத்தோம். ஐடிஇ தட்டுக்கு வெளிக்கணினியின், அதாவது லினக்ஸின், இடைச்சேமிப்பை (எழுதவேண்டியதைச் சற்று நேரம் நினைவகத்தில் வைத்திருப்பது) பயன்படுத்துவது வர்ச்சுவல்பாக்ஸின் இயல்பான அமைப்பு, வேகத்துக்கு நல்லது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் சாய்ந்து மின்சாரம் போகும் ஊரில், எழுதியாகிவிட்டது என்று எக்ஸ்பி நம்பும் எடை உண்மையில் தட்டைச் சேராமலே போகக்கூடும். அந்த இடைச்சேமிப்பை அணைத்தோம். வேகம் குறைந்ததை ரைட்டர் கவனித்ததாகவே தெரியவில்லை.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8உடன் முடிந்துவிட்டது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியபோது மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காக எக்ஸ்பிக்கும் ஒரு பாதுகாப்பு ஒட்டு (பேட்ச்) வெளியிட்டது என்றாலும், அந்தக் கருணையை நம்பி அதை இணையத்தில் விடமுடியாது. உள்ளே இருக்கும் எக்ஸ்பிக்கு வெளியே போக வழியே வைக்கவில்லை. மின்னஞ்சலும் வங்கி வேலையும் லினக்ஸ் பக்கம்.

இப்போது பழைய நிரலுக்குப் பதிலாகப் புதிய மென்பொருள் எழுதப்படுகிறது. நான் எதிர்பாராத பயன் அங்கேதான் கிடைத்தது. மெய்நிகர் கணினியை முழுதாக நகலெடுத்து, நகலுக்குள் ஒரு பழைய மாதத்தின் எடைகளை மீண்டும் செலுத்தி, இரண்டு மென்பொருள்களும் தரும் பட்டியலை வரிவரியாக ஒப்பிட்டோம். மழை மாதங்களில் மட்டும் சிலருக்குச் சில ரூபாய் இடித்தது. நகலில் கற்பனைச் சீட்டுகளைப் போட்டுப் பார்த்ததில் காரணம் தெரிந்தது: பழைய நிரல் ஈரக்கழிவை நாள் மொத்தத்தில் கணக்கிடாமல் ஒவ்வொரு மூட்டைக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டு, அரைக் கிலோ வந்தால் விவசாயியின் பக்கமாக முழுமையாக்குகிறது. இந்த விதி எந்தக் காகிதத்திலும் இல்லை, முதலாளிக்கும் தெரியாது. ரைட்டரிடம் கேட்டபோது, “ஆரம்பத்துல இருந்தே அப்படித்தானே, தம்பி” என்றார். புதிய மென்பொருளிலும் அதையே எழுதச் சொல்லிவிட்டார் முதலாளி.