வங்கியின் சொந்த முதல் எவ்வளவு?

2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்க முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸ் திவாலானது. 2007 முடிவில் அதன் சொத்து சுமார் 69,100 கோடி டாலர். பங்குதாரர்கள் போட்ட சொந்த முதலோ (மூலதனம்) சுமார் 2,250 கோடிதான். சொத்து மதிப்பு மூன்றேகால் சதவீதம் சரிந்தாலே முதல் முழுவதும் காலி. அதன்பின் எழுந்த, முதலாளித்துவத்தைச் சீர்திருத்தும் விவாதத்தில் போனஸ், பேராசை என்று நிறையப் பேசினார்கள். என் பார்வையில் முதன்மையானது சொத்துக்கும் சொந்த முதலுக்கும் உள்ள இந்த விகிதம்தான்.

2010இல் வந்த பேசல் 3 எனும் சர்வதேச வங்கி விதிகள் குறைந்தபட்சப் பங்கு மூலதனத்தை 2 சதவீதத்திலிருந்து 4.5 ஆக்கின, அதன்மேல் நட்டத்தைத் தாங்க 2.5 சதவீதம் கூடுதல் காப்பு. ஆனால் இந்த 7 சதவீதம் மொத்தச் சொத்தில் அல்ல, ஆபத்துக்கேற்ப எடை போட்ட சொத்தில். 100 ரூபாய் வீட்டுக் கடனுக்கு எடை 35 சதவீதம் என்றால், தேவைப்படும் முதல் 2.45 ரூபாய்தான். யூரோ நாடுகளின் அரசுக் கடன் பத்திரங்களுக்கு எடை பூஜ்யம், அதாவது முதலே தேவையில்லை. 2012இல் கிரேக்கப் பத்திரங்களின் முகமதிப்பில் 53.5 சதவீதம் வெட்டப்பட்டபோது அந்தப் பூஜ்யத்தின் விலை தெரிந்தது. எடையே போடாத கணக்கில் பேசல் கேட்கும் குறைந்தபட்சம் 3 சதவீதம். கிட்டத்தட்ட லேமன் நின்ற அதே இடம்!

அமெரிக்கா 2018இல் வங்கிகள் மீதான கடும் கண்காணிப்புக்குரிய சொத்து வரம்பை 5,000 கோடி டாலரிலிருந்து 25,000 கோடியாக உயர்த்தியது. வட்டி ஏறியதும், அந்தப் புதிய வரம்புக்குக் கீழே இருந்த சிலிக்கான் வேலி வங்கியின் நீண்டகாலப் பத்திரங்கள் விலை வீழ்ந்தன. அந்த நட்டத்தை மூலதனத்தில் கழிக்காமலிருக்க விதி இடம் தந்தது. 2023 மார்ச் 9 அன்று ஒரே நாளில் 4,200 கோடி டாலர் டெபாசிட் அதிலிருந்து வெளியேறியது.

முதலைக் கூட்டினால் கடன் கொடுப்பது குறையும் என்கிறார்கள் வங்கியாளர்கள். முதல் என்பது பெட்டியில் பூட்டி வைக்கும் பணமல்ல. டெபாசிட்டைப் போல அதையும் கடனாகக் கொடுக்கலாம். நட்டம் வந்தால் முதலில் அடி வாங்குவது பங்குதாரர் என்பதே வேறுபாடு.