மற்றவை வெள்ளித்திரையில்

2024 ஜூன் 2, ஞாயிறு

பெரியப்பாவின் தகரப் பெட்டி கடைசியில் என் வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டது. கண்புரை ஆபரேஷனுக்காகப் பெரியம்மாவை ஆத்தூர்ப் பக்கமிருந்து சேலத்துக்கு அழைத்து வந்தபோது, மாற்றுப் புடவைக்கு முன்னால் காரில் ஏறியது அந்தப் பெட்டிதான். ஆபரேஷன் முடிந்து பத்து நாள் ஆகிறது. இன்று காலை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியதும் முதல் பேச்சு, “அந்தப் பொட்டியைத் தொற கண்ணு.”

பெரியப்பா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர். கீற்றுக் கொட்டகை, மணல் தரை, ஒரே ஒரு புரொஜெக்டர். ஒரு மெஷின்தான் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போட்டுவிடுவார்கள். ஒரு படத்துக்கு மூன்று, நான்கு இடைவேளை. பெரியம்மாவுக்கு இன்றும் கதைகள் அந்தக் கணக்கில்தான் நினைவிருக்கின்றன. “ரெண்டாவது இடைவேளை முடிஞ்சதும் அவ அண்ணன் வருவான்” என்பார். படத்தின் பெயரைக் கேட்டால் மட்டும் யோசிப்பார்.

பெட்டிக்குள் அறுபது பாட்டுப் புத்தகங்கள் போல, ஒரு கட்டு ஸ்டில், ஒரு பிஸ்கட் டின் நிறைய பிலிம் துண்டுகள். புத்தகங்களில் பாதிக்கு அட்டை இல்லை. ஸ்டில்களின் பின்பக்கம் ஒரு எழுத்தும் இல்லை. எது எந்தப் படம் என்று கண்டுபிடித்து, கவரில் போட்டு, மேலே எழுதி வைப்பதாக முடிவு. நிபந்தனை ஒன்றுதான்: நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பெயர் சொல்லும்வரை யாரும் போனைத் தொடக் கூடாது.

ஜூன் 4, செவ்வாய்

டி.வி.யில் காலையிலிருந்து ஓட்டு எண்ணிக்கை. சத்தத்தைக் குறைத்துவிட்டு ஸ்டில் கட்டைப் பிரித்தோம். டூரிங் டாக்கீஸுக்குப் பழைய படங்கள்தான் அதிகம் வரும் என்பதால், பெரியப்பா வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய படங்களும் இருக்கின்றன.

ஆளுயர முரசுகள், மேலே ஆடும் பெண்கள்: சந்திரலேகா, 1948. இதைக் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது. கையில் சாட்டையோடு எம்.ஜி.ஆர்., பக்கத்தில் மாடிப்படி: எங்க வீட்டுப் பிள்ளை. எதிரெதிராக வைஜெயந்திமாலாவும் பத்மினியும்: வஞ்சிக்கோட்டை வாலிபன். பெரியம்மா பி.எஸ். வீரப்பா குரலில் “சபாஷ், சரியான போட்டி!” என்று ஆரம்பித்து இருமலில் முடித்தார்.

அப்புறம் ஒரு மலை உச்சி. பாறை விளிம்பில் ஓர் ஆண், ஒரு பெண், பின்னால் வெறும் வானம். முகங்கள் பூஞ்சையில் போய்விட்டன. காதல் டூயட் என்றேன்.

“காதலா? அவளைத் தள்ளிவிடக் கூட்டிட்டுப் போறான்டா. அவன் நிக்கிற எடத்தைப் பாரு. பொண்டாட்டியை ஓரத்துல நிக்க வெச்சு எவனாவது உள்பக்கமா நிப்பானா?”

பார்த்தேன். நிஜம்தான். அதற்குப் பிறகு பெயர் தானாக வந்துவிட்டது: மந்திரி குமாரி, 1950. சாகும் முன் உங்களை மூன்று முறை சுற்றி வந்து கும்பிட வேண்டும் என்று கேட்டு, சுற்றி வந்து, அவனையே கீழே தள்ளிவிடுவாள். குண்டலகேசிக் கதை. ‘வாராய், நீ வாராய்’ பாட்டை இத்தனை வருஷமாக ரேடியோவில் ஏதோ ஏகாந்தப் பாட்டு போலக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். கூப்பிடுகிறவன் கொலைகாரன் என்பது மறந்தே போயிருந்தது.

ஜூன் 5, புதன்

மகன் நிபந்தனையை மீறிவிட்டான். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஸ்டில்லைப் படமெடுத்துப் போனில் தேடி, ‘விண்டேஜ் கருப்பு வெள்ளைச் சுவரலங்காரம்’ என்ற பதிலோடு வந்தான். விலையும் போட்டிருந்தது.

ஜூன் 7, வெள்ளி

சிவாஜி ஸ்டில் மட்டும் பதினொன்று. முகத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பாவ மன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும் மூன்றுமே 1961-இல் வந்தவை, மூன்றையும் இயக்கியவர் பீம்சிங். அதே சிவாஜி, அதே வயது. ஒன்றில் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் பிழைத்தோம். பார்வை இழந்த டாக்டர், ஆகவே பாலும் பழமும். பெரியம்மா தன் ஆபரேஷன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ எடுக்கச் சொன்னார். எடுத்தேன். ஊருக்கு அனுப்பியாகிவிட்டது.

இன்னொன்றில் ஒரு வீட்டுக்குள் போலீஸ், தரையில் யாரோ கிடக்கிறார்கள். அந்த நாள் (1954) என்று நான் சொல்ல, பெரியம்மா ஒப்புக்கொள்ளவில்லை. துப்பாக்கிச் சத்தத்தோடு ஆரம்பிக்கும் படம், ரேடியோ இன்ஜினீயர் ஒருவர் செத்துக் கிடப்பார், 1943-இல் சென்னை மேல் ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயத்துக் கதை என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன். “அதுல பாட்டே இல்லையே. பாட்டில்லாத படத்தை உங்க பெரியப்பா எதுக்குச் சேத்து வெக்கப் போறாரு?” என்றார். இது எந்த வகைச் சாட்சியம் என்று தெரியவில்லை. கவரில் ‘அந்த நாள்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

இன்று முழுக்க ஒரே ஒரு பாட்டுப் புத்தகம்.

முன் அட்டை இல்லை. பாட்டுப் பக்கங்களை யாரோ நடுவிலிருந்து உருவியிருக்கிறார்கள். மிஞ்சியது கதைச் சுருக்கம் ஒரு பக்கம், அதிலும் மேல் பாதியைச் செல் அரித்துவிட்டது. பின் அட்டை பாதி உண்டு. அரசன் ஒருவன், அவனை அப்படியே உரித்து வைத்தாற்போல் இன்னொருவன், சிறை, இடம் மாறுதல், சூழ்ச்சிக்காரப் பெரிய மனிதர். மக்கள் என்ன ஆனார்கள், நாடு யார் கைக்குப் போனது என்று வரிசையாகக் கேள்விகளை அடுக்கிவிட்டு, எல்லாப் பாட்டுப் புத்தகத்தையும் போலவே ‘மற்றவை வெள்ளித்திரையில்’ என்று கையை விரிக்கிறது. அறுபது வருஷம் கழித்து, வெள்ளித்திரை எது என்றே தெரியாமல் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம்.

நான் முதலில் சொன்னது உத்தம புத்திரன். உடனே அடுத்த சிக்கல்: எந்த உத்தம புத்திரன்? பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் போட்டது 1940-இல், மாடர்ன் தியேட்டர்ஸ் படம். சிவாஜி போட்டது 1958-இல். ‘யாரடி நீ மோகினி’ இருக்கும் பக்கம் கிடைத்திருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும்.

முடிச்சை அவிழ்த்தது கதை அல்ல, விலை. பின் அட்டையின் அடியில் மங்கலாக ‘ந.பை.’ என்று இரண்டு எழுத்து. எண் போய்விட்டது, பரவாயில்லை. நயா பைசா புழக்கத்துக்கு வந்தது 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி. 1964 ஜூனில் ‘நயா’ கழன்று வெறும் பைசா ஆனது. 1957-க்கு முன்னால் அச்சான புத்தகம் என்றால் அணா போட்டிருக்கும். ஆக, சின்னப்பா அவுட்.

வெற்றி என்று கவரை எடுத்தபோது பெரியம்மா கேட்டார், “நாடோடி மன்னன் எப்ப வந்துச்சு?”

அதுவும் 1958! அதிலும் அரசன், அதிலும் அச்சு அசல் இன்னொருவன், அதிலும் இடம் மாறுதல். எம்.ஜி.ஆரே தயாரித்து இயக்கிய படம். பாதிவரை கருப்பு வெள்ளை, சரோஜா தேவி வந்த பிறகு கலர். புத்தகத்தில் கலர் எங்கே தெரியும்?

மறுபடி அந்த அரைப் பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்து வரி வரியாகப் பார்த்தோம். செல் அரித்த விளிம்பில் ‘...ட்டையரில் இளைய...’ என்று ஒட்டிக்கொண்டிருந்தது. நாடோடி மன்னனில் இருவரும் உறவே இல்லாதவர்கள். உத்தம புத்திரனில்தான் அரசிக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்து, ஒன்று அரண்மனையிலும் ஒன்று வெளியிலும் வளர்கிறது. சரி, சிவாஜி, 1958. மதியச் சாப்பாடு மூன்றரை மணிக்கு.

ஜூன் 12, புதன்

பிஸ்கட் டின்னைத் திறந்ததும் வினிகர் நெடி குப்பென்று அடித்தது. அசிடேட் பிலிம் கெட்டுப்போக ஆரம்பித்தால் இப்படித்தான் நாறும். வெயிலில் பிடித்துப் பார்க்க ஜன்னலோரம் நாற்காலி போட்டுக்கொண்டோம்.

கலர்த் துண்டுகள் எல்லாமே ரோஸ் நிறத்தில் இருக்கின்றன. வானம் ரோஸ், மரம் ரோஸ், ஜெமினி கணேசன் ரோஸ். ஈஸ்ட்மன் கலர் பிரிண்டில் நீலப் பக்கத்துச் சாயம் முதலில் வெளுத்துவிடும், சிவப்பு தங்கிவிடும். அந்த நிறமே ஒரு துப்புதான், ஆனால் கலர் காலம் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

ஒரு துண்டில் கிரீடம் வைத்த சிவாஜி. முகம் வெள்ளரிக்காய் போல நீண்டு, உடம்பு ஒட்டடைக்குச்சி. பெரியம்மா பதறிப்போய் “ஐயோ, வெயில்ல உருகிருச்சா?” என்றார். உருகவில்லை. சினிமாஸ்கோப்பில் படத்தைப் பக்கவாட்டில் நெருக்கித்தான் பிலிமில் பதிவார்கள், புரொஜெக்டர் லென்ஸ் அதை விரித்துக் காட்டும். தமிழில் முதல் சினிமாஸ்கோப் 1973-இல் வந்த ராஜராஜ சோழன். கிரீடம், சிவாஜி, வெள்ளரிக்காய் முகம், மூன்றும் சேர்ந்தால் வேறு எங்கே போவது? மகன் போனில் படமெடுத்து அகலத்தை இரண்டு மடங்காக இழுத்தான். சோழர் எழுந்து உட்கார்ந்தார். ஜூன் 5 குற்றத்தை மன்னித்துவிட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

கண் செக்கப். அங்கே இரண்டு மணி நேரம் காக்க வைத்துவிட்டு, டாக்டர் இரண்டு நிமிஷம் பார்த்தார். திரும்பும்போது ஏற்காடு ரோடு வழியாகச் சுற்றி, மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் காட்டினேன். நூற்றுக்கு மேல் படம் எடுத்த ஸ்டூடியோவில் நிற்பது அந்த வாசல் ஒன்றுதான். பெரியம்மா காரை விட்டு இறங்கவில்லை. “உள்ள ஒண்ணும் இல்லையில்ல? அப்பறம் என்ன” என்றார்.

ஜூன் 16, ஞாயிறு

டின்னின் அடியில் தனியாகத் தீப்பெட்டிக்குள் சுருட்டி வைத்திருந்த கருப்பு வெள்ளைத் துண்டு. முப்பது பிரேம், விரித்தால் ஏறத்தாழ இரண்டடி. மற்றவை எல்லாம் அள்ளிப் போட்டவை, இதற்கு மட்டும் தனி வீடு.

ஒரு பெண் தரையில் உட்கார்ந்து சித்தார் வாசிக்கிறாள். தலை குனிந்திருப்பதால் முகம் பாதிதான். பின்னால் ஒரு இரும்புக் கம்பி, ஜன்னலா கட்டிலா தெரியவில்லை. முப்பது பிரேமிலும் அவள் விரல்தான் கொஞ்சம் நகர்கிறது.

பெரியம்மா வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “முந்தானை வலது தோள்ல இருக்கு பாரு. சேட்டு வீட்டுப் பொண்ணு. இந்திப் படம்.”

சித்தாரையும் இடக்கையால் மீட்டுகிறாள். இடக்கைப் பழக்கமுள்ள இந்தி நடிகை யார் என்று மாலை முழுக்க மண்டையைக் குடைந்துகொண்டேன்.

ஜூன் 20, வியாழன்

ஒன்றும் நகரவில்லை. எல்லாக் கவர்களும் நிரம்பிவிட்டன, தீப்பெட்டி மட்டும் பாக்கி.

ஜூன் 23, ஞாயிறு

கல்யாண வரவேற்புக்குக் கிளம்ப, மனைவி கண்ணாடி முன்னால் புடவைக்குப் பின் குத்திக்கொண்டிருந்தாள். ஊக்கை எடுத்துக் கொடுக்கப் போனவன் கண்ணாடியைப் பார்த்து அப்படியே நின்றேன். கண்ணாடிக்குள் இருந்தவளுக்கு முந்தானை வலது தோளில்.

பிலிமைப் பின்பக்கமாகப் பிடித்துப் பார்த்திருக்கிறோம்! ஒரு வாரமாக!

ஓடிப்போய்த் துண்டைத் திருப்பிப் பிடித்தேன். முந்தானை இடது தோளுக்குப் போனது. சித்தார் வலக்கைக்கு வந்தது. அந்தக் குனிந்த முகம், நெற்றி மேட்டிலிருந்து மூக்குவரை, தேவிகா ஆகிவிட்டது. தேவிகா என்றதும் அந்தக் கம்பி ஆஸ்பத்திரிக் கட்டில் ஆகிவிட்டது. நெஞ்சில் ஓர் ஆலயம், 1962, ஸ்ரீதர் படம், வின்சென்ட் கேமரா. ‘சொன்னது நீதானா’. நான் செத்துப்போனால் நீ மறுமணம் செய்துகொள் என்று கட்டிலில் கிடக்கும் புருஷன் முத்துராமன் சொன்னதற்கு அவள் பாடும் பதில். கதை முழுக்க ஆஸ்பத்திரியைச் சுற்றியே நடக்கும் படத்துக்குக் கட்டில் கம்பியைவிடப் பெரிய துப்பு வேறென்ன வேண்டும்? கண்ணெதிரில் இருந்ததை ஜன்னல் என்று நினைத்துவிட்டோம்.

இதே கதையை ஸ்ரீதர் அடுத்த வருஷம் இந்தியில் தில் ஏக் மந்திர் என்று எடுத்தார். அதனால் பெரியம்மாவின் ‘இந்திப் படம்’ அப்படியொன்றும் அபாண்டம் இல்லை என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் வாங்கவில்லை. துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். வரவேற்புக்கு நாற்பது நிமிஷம் லேட்.

ஜூன் 24, திங்கள்

காலையில் காபி கொடுக்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“எங்கூருக் கொட்டாயில அந்தப் பாட்டு ஒரு எடத்துல குதிச்சுப் போகும், கண்ணு. அவ வாய் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். ஜனங்க தெனமும் கத்துவாங்க. என்ன மாமா இப்படின்னு கேட்டா, கம்பெனிக்காரன் அனுப்பின பொட்டியே அப்படித்தான்னு சொல்லுவாரு உங்க பெரியப்பா. அத்தனை நாளும் அதே பதில்.”

முப்பது பிரேம் என்றால் ஒன்றேகால் வினாடி. பிலிம் மெஷினில் மாட்டிக் கிழிந்ததோ என்னவோ, வெட்டி ஒட்டியது அவர்தான். அதைச் சொல்லலாமா என்று நான் யோசிப்பதற்குள், பெரியம்மா தீப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டுவிட்டார்.

“அந்தப் பாட்டைப் போடு.”

போனில் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, தீப்பெட்டியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு கேட்டார். முதல் சரணம் முடிந்தது. “இப்ப வரும் பாரு” என்று விரலைத் தூக்கினார். பாட்டு எங்கும் குதிக்காமல் சீராகப் போய்க்கொண்டிருந்தது. விரல் அந்தரத்திலேயே நின்றது.

“இது இல்ல” என்றார். “மறுக்கா போடு.”