தமிழ் உச்சரிப்போடு லாவோ

லாவோஸ் நாட்டு மொழியான லாவோவைக் கற்கப் போகிறேன் என்றதும் நண்பர்கள் பலர் சொன்னது ஒன்றுதான்: "தாய்லாந்து மொழி போதுமே, லாவோஸில் எல்லோருக்கும் புரியுமே." புரியும், உண்மைதான். தாய்லாந்து தொலைக்காட்சியைப் பார்த்தே வளர்ந்தவர்கள் அங்கே ஏராளம். தாய்லாந்து மொழிக்குப் பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றன. லாவோவுக்குக் குறைவு, டுவோலிங்கோ செயலியில்கூடக் கிடையாது. ஆனாலும் ஒருவர் ஊரில் தங்கிக்கொண்டு அவரிடம் பக்கத்து நாட்டு மொழியில் பேச எனக்கு மனம் வரவில்லை.

தலைநகர் வியந்தியானில் ஓர் ஆசிரியையிடம் தொடங்கினேன். முதல் வாரமே அவர் என் நோட்டுப் புத்தகத்தை மூடச் சொன்னார். அதில் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். கோழி, முட்டை, தூரம், பக்கம் நான்குமே 'கை' என்றே இருந்தன. தூரமும் பக்கமும் தொனியால், அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தால் மட்டும் வேறுபடுகின்றன: பக்கம் உயரத்திலிருந்து இறங்கும், தூரம் தாழ்வாக ஒலிக்கும். கோழிக்கும் முட்டைக்கும் அந்த ஊர்ப் பேச்சில் தொனி ஒன்றே. முட்டையின் ககரத்தோடு ஒரு மூச்சுக் காற்று சேர்ந்து வரும். அந்தக் காற்றுதான் தமிழ் வாய்க்குச் சிரமம். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு பழகினேன். காற்று பட்டால் முட்டை, படாவிட்டால் கோழி. அன்றிலிருந்து லாவோ எழுத்துக்கு மாறிவிட்டேன். சொற்களுக்கு இடையே இடைவெளி விடாத எழுத்து என்று பயப்பட வேண்டாம். 1975-க்குப் பிறகான எழுத்துமுறை பெரும்பாலும் பேசுவதுபோலவே எழுதப்படுகிறது. எந்தத் தொனி என்பதையும் மெய்யெழுத்து எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பதும் அதன் மேலுள்ள தொனிக் குறியும் பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

தமிழர்களுக்கு வசதியான பக்கமும் நிறைய இருக்கிறது. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லின் தொடக்கத்தில் ங வருவது ஆங்கிலம் பேசுகிறவர்களைப் பாடாய்ப் படுத்துகிறது. பாம்புக்கு 'ஙூ' என்று நாம் சட்டென்று சொல்லிவிடலாம். 'பெரிய' என்பதற்கு 'ஞை'. குறில் நெடில் வேறுபாடு நமக்குப் பாலோடு வந்தது. பலரும் திணறும் ஒரு உயிரொலி, உதடு குவியாமல் சொல்லும் உகரம், நம் குற்றியலுகரத்துக்கு மிக நெருக்கம். பேச்சில் 'பாட்டு', 'காசு' என்று முடிக்கும்போது வாய் இருக்கும் நிலைதான். ஆனால் அதே உகரத்தைக் கண்ட இடத்தில் ஒட்டும் பழக்கமும் நமக்கு உண்டு. ப், த், க் என்று முடியும் சொற்களில் வாயை மூடியதோடு நிறுத்திவிட வேண்டும், 'கப்பு' என்று இழுக்கக் கூடாது. நன்றி சொல்லும் 'கோப் சை' இதற்கு நல்ல பயிற்சி. நாளெல்லாம் சொல்ல வாய்ப்பு கிடைக்கும்.

அப்புறம் வடக்கே இருக்கும் லுவாங் பிரபாங் நகரம். 2021 டிசம்பரில் திறந்த ரயில் பாதையில் இரண்டு மணி நேரப் பயணம்தான். இறங்கினால் பேச்சே வேறாக இருந்தது. வியந்தியானில் தொனிகள் ஆறு என்பார்கள், ஐந்து என்று எண்ணுபவர்களும் உண்டு. இங்கே ஐந்து, அவற்றின் ஏற்ற இறக்கமும் வேறு. 'கோப் சை' என்பதன் கடைசி உயிரொலிகூட இங்குள்ள முதியவர்கள் வாயில் வேறாக ஒலித்தது. நான் அரும்பாடுபட்டுப் படித்தது வீணா என்று ஒரு மாலை முழுக்கச் சோர்ந்து கிடந்தேன்.

அந்தச் சோர்வைத் தீர்த்தது பிக் பிரதர் மவுஸ். லாவோ மொழியில் சிறுவர் புத்தகங்கள் வெளியிடும் அமைப்பு அது. ஆங்கிலம் பேசிப் பழக இளைஞர்கள் வருவார்கள், பயணிகள் போய் உட்கார்ந்து பேசலாம். என் எதிரே அமர்ந்தவன் மலைக் கிராமத்து க்மு இனத்துப் பையன். வீட்டில் க்மு மொழி, பள்ளிக்கூடத்தில்தான் லாவோ கற்றானாம். பக்கத்தில் இருந்த பெண் ஹ்மோங் இனம். அவளுக்கும் அப்படியே. "உன் லாவோவில் ஹ்மோங் வாடை வீசுமா?" என்று கேட்டேன். "வீசும். அதனால் என்ன?" என்றாள் இயல்பாக.

அரசு அங்கீகரித்த இனக்குழுக்கள் அந்த நாட்டில் 50. லாவோ இனத்தவர் மக்கள்தொகையில் பாதியைச் சற்றே தாண்டுவார்கள், அவ்வளவுதான். மற்றவர்களில் பெரும்பாலோர் என்னைப் போலவே லாவோவை இன்னொரு மொழியாகக் கற்றவர்கள். அதை விட வியப்பு, லாவோஸில் இருப்பவர்களைவிடத் தாய்லாந்தின் இசான் பகுதியில்தான் லாவோ பேசுவோர் அதிகம். இத்தனை விதமாகப் பேசப்படும் மொழியில் என் தமிழ் வாடையும் இருந்துவிட்டுப் போகட்டும். தொனி, நீளம், மூச்சு இந்த மூன்றும் பொருளையே மாற்றுபவை. அவற்றில் விட்டுக்கொடுக்க மாட்டேன். மீதியைப் பற்றிக் கவலைப்படுவதை அன்றே விட்டுவிட்டேன்.

லுவாங் பிரபாங் கடைத்தெருவில் ஒரு தொல்லை, நாம் லாவோவில் கேட்டாலும் பதில் ஆங்கிலத்தில் வரும். அதற்காக மனம் நொந்துகொள்ள வேண்டாம், அவர்கள் சுற்றுலாப் பயணிகளைத் தினமும் பார்ப்பவர்கள். படகில் மேகாங்கைத் தாண்டி சியெங் மேன் கிராமத்துக்குப் போங்கள், அல்லது போசி சந்தைக்குப் போங்கள். காய்கறி விற்கும் பெண்ணை 'உவாய்' என்று அழையுங்கள், நாம் அக்கா என்று அழைப்பதுபோலத்தான். ஆண் என்றால் 'ஆய்', அண்ணன். முன்பின் தெரியாதவரை உறவு சொல்லி அழைப்பது நமக்குப் புதிதா என்ன? அப்படி அழைத்ததும் பேச்சின் வேகத்தை அவர்களே குறைத்துக்கொள்கிறார்கள். விலை பேசும்போது 'சாவ் பன்', இருபதாயிரம், என்று எண்கள் ஓடும். முதலில் எண்களைக் காதில் ஏற்றிக்கொண்டால் துணிச்சல் தானாக வரும். ஒரு பாட்டி 'வௌ லாவ் கெங்', லாவோ நன்றாகப் பேசுகிறாய், என்றார். இரண்டு வாக்கியம் பேசினாலே அங்கே எல்லோரும் சொல்லும் பாராட்டுதான். எனக்கு அது அன்று முழுக்கப் போதுமானதாக இருந்தது.

அடுத்து தெற்கே பாக்சே நகருக்குப் போக எண்ணம். அங்கே தொனிகள் இன்னொரு விதம். அந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் கிடைத்தால் கிளம்பும் முன்பே வாரம் ஒருமுறை காணொளியில் பேசிப் பழகிவிடலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.