பல்லுக்குப் பல்லு மாத்திச் சுத்தணும்

காரைக்குடில வைண்டிங் கடை வச்சிருக்கேன், ஃபேன், மோனோபிளாக் பம்பு, கிரைண்டர்னு பதினெட்டு வருசமா காயில் கட்டுற கை இது. ஊருக்குள்ளயே சிக்ரி, அதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, 1953லேருந்து பேட்டரி ஆராய்ச்சி அது இதுன்னு நடக்குது, ஆனா எலக்ட்ரிக் பைக்ல சக்கரத்துக்குள்ளயே இருக்குற ஹப் மோட்டார் புகைஞ்சா தூக்கிட்டு வர்றது நம்மகிட்டதான்.

முதல்ல வந்த வீல் கையால சுத்தவே கடக்கு கடக்குனு டைட்டா இருந்துச்சு. காயில் போச்சுன்னு நானே முடிவு பண்ணி பிரிச்சேன், உள்ள இருக்குற மேக்னட், காயில் சுத்துன ஸ்டேட்டரை இழுத்த இழுப்புல ரெண்டு விரல் நசுங்குனதுதான் மிச்சம், காயில் பளபளன்னு புதுசு மாதிரி இருக்கு. கோளாறு மோட்டாருக்கு கரண்டை அளந்து விடுற கன்ட்ரோலர்ல, அதுக்குள்ள சுவிட்ச் மாதிரி வேலை செய்ற மாஸ்ஃபெட் ஷார்ட். கன்ட்ரோலர்லேருந்து மூணு பெரிய வயரையும் கழட்டி ஒண்ணோட ஒண்ணு படாம வச்சு ஒரு சுத்து சுத்திருந்தா வீல் லேசா ஓடியிருக்கும், அப்பவே தெரிஞ்சிருக்கும். மீட்டரும், காயிலோட தொடரா பல்பு மாட்டிப் பாக்குற சீரிஸ் லாம்பும் இங்க உதவாது, நல்ல காயிலுக்கே ஒரு ஓம் கூட வராது, லாம்ப் எல்லாத்துக்கும் ஒரே மாதிரி எரியும்.

ரெண்டாவது வந்தது பலகாரம் போடுற அண்ணனோட வண்டி, தேன்குழலும் மணகோலமும் டப்பா டப்பாவா கட்டிட்டு பள்ளத்தூர், கானாடுகாத்தான்னு சுத்துறவர். வயரைக் கழட்டியும் டைட்டு, அப்ப உள்ளதான். சீலிங் ஃபேன் மாதிரியே ஸ்டேட்டர் உள்ள, சுத்துறது வெளிய, ஆனா ஃபேனுக்கு காத்து கிடைக்கும், இது மூடுன டப்பா. லோடை ஏத்திக்கிட்டு தெருத்தெருவா நின்னு நின்னு கிளம்புனா மெதுவா போற நேரத்துலதான் கரண்டு அதிகம் இழுக்கும், சூடு வெளிய போக வழியில்லாம கம்பி மேல இருக்குற எனாமல் பூச்சு கருகி காயில் ஷார்ட் ஆயிருச்சு.

ஸ்டேட்டர்ல காயில் சுத்துற மேட்டைப் பல்லுன்னு சொல்லுவோம், அதுல அடுத்தடுத்த மூணு பல்லுதான் கருப்பு. ஃபேன்ல ஒத்தைக் கம்பி நூத்துக்கணக்குல சுத்துவோம், இதுல பல்லுக்கு ஆறே சுத்து, ஆனா பன்னெண்டு இழை சேர்த்து. மேக்னட் எங்க நிக்குதுன்னு கன்ட்ரோலருக்குச் சொல்ற ஹால் சென்சார் வயர் அறுந்துராம பாத்து, கம்பி இரும்புல படாம ஸ்லாட் பேப்பர் வச்சு, சுத்தி, வார்னிஷ் ஊத்தி, பல்பு போட்ட பொட்டில ராத்திரி பூரா காய வச்சேன். பூட்டி ஓட்டுனா மோட்டார் உறுமுது! பக்கத்துப் பக்கத்துப் பல்லை எதிரெதிர் திசைல சுத்தணும், நான் மூணையும் ஒரே பக்கமா சுத்திருக்கேன், கை பழக்கம். காஞ்ச வார்னிஷை வெட்டி எடுத்து திரும்ப சுத்துறதுக்குள்ள வீட்ல சாப்பாடு ஆறிப்போச்சு. இந்தத் தடவை பூட்டுறதுக்கு முன்னாடியே திசையை எண்ணிட்டேன், பூட்டுனதும் மூணு வயர்ல ரெண்டு ரெண்டா சேர்த்துப் பிடிச்சு வீலைச் சுத்துனேன், மூணு ஜோடிக்கும் ஒரே டைட்டு, அப்ப மூணும் சமமா இருக்கு.

"அண்ணே, இனி ரெண்டு டப்பாக்கு மேல ஏத்தாதீங்க"ன்னு சொல்லித்தான் அனுப்புனேன், சரி தம்பின்னுட்டுப் போனாரு. அடுத்த வாரம் கடையைத் தாண்டிப் போனாரு, பின்னாடி நாலு.