இனிஷியல்
எங்கள் ஆய்வகக் கட்டுரைகளில் கடைசிப் பெயர் பேராசிரியருடையது. ஞாயிற்றுக்கிழமை செடிக்குத் தண்ணீர் ஊற்ற வருவது முதலாண்டு மாணவி. அரபிடாப்சிஸ் என்ற எங்கள் சோதனைச் செடிக்கு லீவு தெரியாதே! கடுகுக் குடும்பம்தான், ஆனால் விதை அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். ஈரக் குச்சியின் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டெடுத்து அகார் என்ற கூழ் நிரப்பிய தட்டில் வைக்க வேண்டும். பக்கத்தில் யாராவது தும்மினால் தீர்ந்தது கதை. 2000-இல் மரபணுத் தொகுதி வாசிக்கப்பட்ட முதல் செடி இது. விதையிலிருந்து விதைக்குச் சுமார் 6 வாரம்.

அப்புறம் நம் டெக்னீஷியன் அண்ணன். ஆட்டோகிளேவை 121 டிகிரியில் ஓட்டி எல்லாவற்றையும் கிருமிநீக்கித் தருபவர். அவர் பெயரை எந்தக் கட்டுரையிலும் பார்த்ததில்லை. இந்த முறை நன்றியுரையில் சேர்த்துக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு மெதுவாகப் படித்தார்.

"இனிஷியல் தப்பும்மா" என்றார்.