ஒரு நாடக வண்டியைப் பார்க்க பூக்கோ வரை

"ஒரு நாடக வண்டியைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்று கூட வந்த நண்பர் ரயிலிலேயே கேட்டுவிட்டார். பெர்லினுக்குக் கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர். மியுன்செபெர்க் வரை ரயில், அப்புறம் பஸ். பூக்கோ சின்ன ஊர். ஏரியும் காடுமாக இருக்கும். 1952-இல் ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட்டும் அவர் மனைவி, நடிகை ஹெலெனெ வைகலும் ஏரிக்கரையில் குத்தகைக்குப் பிடித்த வீடு இப்போது அருங்காட்சியகம். வண்டி இருப்பது வீட்டுக்குள் அல்ல, படகுக் கொட்டகையில்.

மர வண்டி, மேலே துணிக்கூரை. பிரெக்ட்டின் 'மதர் கரேஜ்' நாடகத்தில் போர்க்களம் போர்க்களமாகப் போய்ப் பட்டாளத்துக்குச் சாமான் விற்கிறவளின் கடையும் வீடும் இதுதான். பிள்ளைகளை ஒவ்வொருவராகப் போருக்குப் பறிகொடுத்துவிட்டு, கடைசியில் தானே நுகத்தடியில் பூட்டிக்கொண்டு இழுத்துப் போவாள். 1949 ஜனவரி 11 அன்று, இடிந்து கிடந்த பெர்லினில், டாய்ச்சஸ் தியேட்டர் மேடையில் வைகல் இதை இழுத்தார். அப்போது வயது 48.

அதற்கு முன் பதினைந்து வருஷம் அவருக்கு மேடை இல்லை என்றே சொல்லலாம். 1900-இல் வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர்; பிராங்பர்ட்டில் நடிக்கத் தொடங்கி, 1922-இல் பெர்லினுக்கு வந்து பேர் வாங்கியவர். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்து, பெர்லின் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த மறுநாளே குடும்பம் நாட்டை விட்டு வெளியேறியது. டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்து, கடைசியில் அமெரிக்கா. ஹாலிவுட்டில் 'தி செவன்த் கிராஸ்' (1944) என்ற ஒரே படத்தில் தலைகாட்டினார், அதுவும் வசனமே இல்லாத சின்ன வேடம். மற்றபடி சமையல், பிள்ளைகள், வந்து போகிறவர்களுக்குச் சோறு. பிரெக்ட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த வருஷங்களை ஒரே வரியில் தாண்டிவிடுவது எனக்கு எப்போதும் எரிச்சல்.

நாடகத்தில் ஓர் இடம். மகனைச் சுட்டுக் கொல்லும் வெடிச்சத்தம் தூரத்தில் கேட்கிறது. வாய்விட்டு அழுதால் இவளும் மாட்டிக்கொள்வாள். வைகல் தலையைப் பின்னால் சாய்த்து, வாயை முழுக்கத் திறந்தார். சத்தம் மட்டும் வரவில்லை. சிங்கப்பூர் குண்டுவீச்சில் இறந்த மகன் பக்கத்தில் குந்தியிருந்த ஓர் இந்தியப் பெண்ணின் பத்திரிகைப் படத்திலிருந்து இந்த முகம் வந்திருக்கலாம் என்று பிரெக்ட் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் இந்தியர் என்றால் பெரும்பாலும் நம்மவர்கள்தான். அவள் தமிழ்ப் பெண்ணா என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அதைப் படித்த பிறகு இந்த வண்டி எனக்கு அந்நியமாக இல்லை.

இன்னொன்று, இதைவிடச் சின்னது. மகளின் பிணத்தைப் புதைக்கச் சொல்லி, இடுப்புப் பையிலிருந்து காசை எண்ணிக் கொடுப்பாள். கொடுக்கும்போது ஒரு காசை மட்டும் திரும்பப் பைக்குள் போட்டுக்கொள்வாள். வியாபாரி புத்தி விடுமா! அழுகையைவிட அந்த ஒரு காசுதான் வயிற்றைக் கலக்குகிறது. 1961-இல் கிழக்கு ஜெர்மனியின் டெஃபா திரைப்பட நிறுவனம் நாடகத்தைப் படமாக்கியதால், வைகலின் நடிப்பை இன்றும் பார்க்க முடிகிறது.

மறுநாள் பெர்லின், சௌசீ தெரு 125, இருவரும் குடியிருந்த வீடு. பிரெக்ட் 1956-இல் இறந்த பிறகு வைகல் கீழ்த்தளத்துக்கு மாறினார். வழிகாட்டியோடு சின்னக் குழுவாகத்தான் உள்ளே விடுவார்கள். பிரெக்ட்டின் அறைகளில் புத்தகம், மேஜை, நாற்காலி. எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். நான் நின்றது கீழே, வைகல் சேர்த்த பழைய பாத்திரம் பண்டங்களுக்கு முன்னால். மேடையில் கரண்டியோ பையோ, ஒவ்வொரு பொருளையும் தானே பொறுக்கி எடுத்தவர் என்பது இந்த அலமாரிகளைப் பார்த்தாலே புரிகிறது.

பக்கத்திலேயே டொரோத்தியன்ஸ்டாட் கல்லறைத் தோட்டம். இருவருக்கும் செதுக்காத கல், பெயர் மட்டும். தத்துவஞானி ஹெகலும் அங்கேதான்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் பெர்லினர் என்சாம்பிள் நாடக அரங்கு. கூரைமேல் பெயர்ப்பலகை வட்டமாகச் சுழலும். 1949-இல் தொடங்கியதிலிருந்து 1971-இல் இறக்கும்வரை அந்த நாடகக் குழுவுக்குத் தலைவி வைகல்தான். குழுவைப் பிரெக்ட் நடத்தினார் என்று சொல்கிறவர்கள், அவருக்குப் பின்னும் பதினைந்து வருஷம் அதை நடத்தியது யார் என்று கேட்பதில்லை. இறந்த வருஷம்கூட பாரிஸில் குழுவோடு போய் நடித்துவிட்டு வந்தார்.

போவதாக இருந்தால் சௌசீ தெரு வீட்டுக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். நண்பர் திரும்பும் ரயிலில் அந்த 'மதர் கரேஜ்' படம் எங்கே கிடைக்கும் என்று போனில் தேடிக்கொண்டு வந்தார்.